தொடர்பியல் பட்டமும் கடனும்: எந்த எண்ணைப் பார்க்கிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் (அரசு மானியம் பெறுபவை) ஆண்டுதோறும் வெளியிடும் பட்டதாரி வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பின் முடிவுகள் நாளிதழ்களில் வந்த மறுநாளே, எங்கள் உறவினர் வட்டத்தில் தொலைபேசி மணி அடிக்கத் தொடங்கிவிடும். இம்முறை அழைத்தவர் என் தங்கை. அவர் மகனுக்குத் தொடர்பியல் (ஊடகம், செய்தி, விளம்பரம் சார்ந்த துறை) படிப்பில் ஆர்வம். “அக்கா, பட்டதாரி என்றால் 4,500 வெள்ளி சம்பளம் என்று போட்டிருக்கிறதே, 30,000 வெள்ளி கடன் வாங்குவதில் என்ன பயம்?” என்று கேட்டார். என் மகள் அதே துறையில் படித்து முடித்துக் கடனை அடைத்துக்கொண்டிருப்பதால், அந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

தங்கை சொன்ன எண்ணில் பிழை இல்லை. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் புதிய பட்டதாரிகளின் மொத்த மாதச் சம்பளத்தின் இடைநிலை, அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் பெறும் தொகை, 4,500 வெள்ளிதான். அதற்கு முந்திய ஆண்டில் அது 4,313 வெள்ளியாக இருந்தது. ஆனால் அதே கணக்கெடுப்பில் முழுநேர நிரந்தர வேலை பெற்றவர்களின் விகிதம் 84.1 விழுக்காட்டிலிருந்து 79.5 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்ததைத் தங்கை கவனிக்கவில்லை. கணினி, சட்டம், பொறியியல் எல்லாம் சேர்ந்த எண்தான் அந்த 4,500 வெள்ளி என்பதையும், தொடர்பியல் பட்டதாரிகளின் தொடக்கச் சம்பளம் பல ஆண்டுகளாகவே அதற்குக் கீழே இருந்து வருவதையும் நான்தான் எடுத்துச் சொன்னேன்.

இதைவிட முக்கியமான ஒன்று அட்டவணையின் அடிக்குறிப்பில் இருக்கிறது. அந்தச் சம்பள எண், முழுநேர நிரந்தர வேலையில் இருப்பவர்களை மட்டுமே வைத்துக் கணக்கிடப்படுவது. வாரத்துக்கு 35 மணி நேரமாவது வேலை செய்து, தற்காலிகமாக இல்லாமல், ஒப்பந்தம் என்றால் ஓராண்டுக்குக் குறையாமல் இருப்பவர்களே அதில் வருவார்கள். உதிரியாக வேலை செய்பவர்கள் ‘வேலையில் இருப்போர்’ என்ற ஒட்டுமொத்த விகிதத்தில் சேர்வார்கள். சம்பளக் கட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. கணக்கியல் படித்தவர்களுக்கு இது பெரிய விஷயமாக இல்லாமல் போகலாம். காணொளித் தயாரிப்பு, விளம்பர வாசகம், நிகழ்ச்சி ஏற்பாடு என்று உதிரி வேலையிலேயே பலர் காலூன்றும் துறையில், அடிக்குறிப்பைப் படிக்காமல் எண்ணை மட்டும் பார்ப்பது ஆபத்து.

என் மகள் அப்படிச் சம்பளக் கட்டத்தில் சேராமல் போனவர்களில் ஒருத்தி. இறுதித் தேர்வு முடிந்து ஏறத்தாழ ஆறு மாதங்கள் கழித்துக் கணக்கெடுப்பு நடந்தபோது, அவள் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக விலைச்சீட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் 2,400 வெள்ளி வரும். அடுத்த மாதம் 1,600 வரும். அனுப்பிய சீட்டுக்குப் பணம் கைக்கு வர அறுபது நாள் ஆகும். முதலாளி செலுத்தும் 17 விழுக்காட்டு மத்திய சேம நிதி (ஓய்வுக்காலத்துக்கான கட்டாயச் சேமிப்பு) சந்தாவும் கிடையாது. நிரந்தர வேலை கிடைக்க ஓராண்டுக்கு மேல் ஆனது. அப்போது வந்த முதல் சம்பளச் சீட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து நானும் அவளும் பார்த்தோம். மொத்தச் சம்பளம் 3,400 வெள்ளி, சேம நிதிக்கு 680, சிண்டாவுக்கு (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) 7, கையில் 2,713. தவணை கட்ட வேண்டியது இந்த 2,713இலிருந்துதான்.

இனி கடன். மானியம் போக, சிங்கப்பூரர் ஒருவர் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் இப்படிப்புக்குச் செலுத்தும் கட்டணம் ஆண்டுக்கு 8,000 வெள்ளியைச் சற்றுத் தாண்டும். நான்கு ஆண்டுப் படிப்பில் 90 விழுக்காட்டைக் கல்வி அமைச்சின் கல்விக் கட்டணக் கடனாக வங்கி வழியே பெற்றால், தொகை 30,000 வெள்ளியை ஒட்டி வரும். படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. பட்டம் பெற்றபின் ஓடத் தொடங்கும். வட்டியை 4.75 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 315 வெள்ளி தேவை. வட்டி மட்டும் 7,700 வெள்ளி ஆகும். அனுமதிக்கப்படும் இருபது ஆண்டுக்கும் இழுத்தால் மாதத் தவணை 194 வெள்ளியாகக் குறையும், ஆனால் வட்டி 16,500 வெள்ளியைத் தொடும். 2,713இல் 315 என்பது ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. பெற்றோருடன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு இது கனமான சுமை என்று நான் சொல்லமாட்டேன். 1,600 வெள்ளி வந்த மாதத்தில் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் கேள்வி. அந்த ஓராண்டைத் தவணையைத் தள்ளிப்போட்டுச் சமாளித்தோம். அதற்கும் பட்டம் பெற்றதிலிருந்து இரண்டு ஆண்டுதான் எல்லை.

நம் குடும்பங்களில் பலர், இந்த வங்கிக் கடனைத் தவிர்த்துவிட்டு அப்பாவின் சேம நிதிச் சாதாரணக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, “கடனே இல்லாமல் படிக்க வைத்தோம்” என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதுவும் கடன்தான். பிள்ளை படிப்பை முடித்து ஓராண்டில் ரொக்கமாகத் திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும். அதிகபட்சம் பன்னிரண்டு ஆண்டுகள். வட்டி 2.5 விழுக்காடு என்பதால் மலிவாகத் தோன்றும், ஆனால் பணத்தை எடுத்த நாளிலிருந்தே அது ஏறிக்கொண்டிருக்கும். பிள்ளை திருப்பிக் கட்டத் தாமதித்தால் குறைவது அப்பாவின் ஓய்வுக்காலப் பணம். என் கணவருக்கு வயது ஐம்பத்திரண்டு என்பதால் நாங்கள் வங்கிக் கடனையே எடுத்தோம். பிணைக் கையெழுத்து நான் போட்டேன்.

மானியமோ கல்வி அமைச்சின் கட்டணக் கடனோ இல்லாத தனியார் கல்வி நிலையங்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே சேர விரும்புவோர் கடன் தொகையை முதலில் எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகு சம்பளத்தைப் பற்றி யோசிப்பது நல்லது.

தொடர்பியல் படிக்க வேண்டாம் என்று என் தங்கை மகனிடம் நான் சொல்லவில்லை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் பள்ளி தாங்கியிருப்பது முன்னாள் அதிபர் வீ கிம் வீயின் பெயரை. அவரோ பட்டம் எதுவும் இல்லாமல் 1930இல் ஒரு நாளிதழில் எழுத்தராகச் சேர்ந்து செய்தியாளராக உயர்ந்தவர். அது வேறு காலம் என்று தங்கை உடனே சொன்னார், அதுவும் சரிதான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கணக்கெடுப்பு வெளியாகும்போது, ஒட்டுமொத்த இடைநிலைச் சம்பளத்தைத் தலைப்பில் போடுவதோடு நிற்காமல், துறைவாரியாக முழுநேர நிரந்தர வேலை விகிதத்தையும், அட்டவணையிலேயே இருக்கும் 25ஆம், 75ஆம் நூற்றுமானச் சம்பளங்களையும் (கால்வாசிப் பேர், முக்கால்வாசிப் பேர் எந்தத் தொகைக்குக் கீழே பெறுகிறார்கள் என்பதை) ஒரு சிறு கட்டத்தில் தமிழில் அச்சிட வேண்டும். அந்தச் சம்பளம் யாரைக் கணக்கில் கொள்கிறது, யாரை விடுகிறது என்ற அடிக்குறிப்பும் அதனுடன் வர வேண்டும். ஆங்கில அட்டவணையைத் தேடிப் படிக்கத் தயங்கும் பெற்றோர், கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன் அதைப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
பட்டதாரி ஒருவரின் தாயார்,
ஈசூன்