ட்ராஃப்ட் நாளை மாற்றுவோம்: எங்கள் ஹொக்கி லீக்குக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கமிஷனர் அண்ணைக்கும், லீக்கில் இருக்கிற மற்றப் பத்துப் பேருக்கும்,

வணக்கம். எங்களுடையது ஃபன்டசி ஹொக்கி லீக்: வட அமெரிக்காவின் பெரிய லீக்கான என்எச்எல்லின் ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தெரிந்து (அதுதான் ட்ராஃப்ட்) ஆளுக்கொரு கற்பனை அணி அமைப்போம், அவர்கள் நிஜ ஆட்டத்தில் எடுக்கிற எண்களை வைத்து வாரா வாரம் மோதுவோம். என்எச்எல்லின் ஸ்டான்லி கிண்ணத்தை யாரோ தூக்கிப் பிடித்த அன்றோடு எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஹொக்கிக் கதை நின்றுவிடும். அப்புறம் கல்யாண வீடு, கிரிக்கெட், கொட்டேஜ் என்று கோடை ஓடிவிடும். செப்டம்பர் முதல் திங்களான லேபர் டே வார இறுதி வந்ததும் ஸ்காபரோவில் அண்ணையின் பேஸ்மென்டில் பன்னிரண்டு பேரும் லப்டொப்போடு கூடுவோம். ரோல்ஸும் பற்றிஸும் ஒரு மேசையில், ட்ராஃப்ட் அடுத்த மேசையில். வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாட்களில் அதுவும் ஒன்று. அந்த நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான். ட்ராஃப்ட்டை லேபர் டேயிலிருந்து எடுத்து, என்எச்எல் சீசனின் முதல் ஆட்டத்துக்கு முந்தைய வார இறுதியில் வைப்போம். யாரைத் தக்கவைக்கிறோம் என்ற கீப்பர் பட்டியலை அதற்கு ஒரு வாரம் முன்பு கொடுப்போம். ஓகஸ்ட் கடைசியில் எல்லோரும் ஓடித்திரிகிற நேரத்தில் இதைக் கதைக்க முடியாது. இப்போதே வாக்கெடுத்து முடித்துவிடுவோம்.

2025இல் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் கடைக்குட்டித் தம்பி நாலாவது சுற்றில் புளோரிடாவின் அலெக்சாண்டர் பார்கோவை எடுத்தான். நல்ல தெரிவு. முந்தைய சீசனில் 67 ஆட்டத்தில் 71 புள்ளி (கோலும், கோலுக்கு உதவிய பாஸான அசிஸ்டும் சேர்த்து) எடுத்தவர், கிண்ணம் வென்ற அணியின் கப்டன். அதே அணியின் மத்யூ கச்சக்கையும் அவன் பின்சுற்றில் எடுத்திருந்தான். கச்சக்குக்குச் சத்திரசிகிச்சை என்பது ஓகஸ்ட்டிலேயே தெரிந்த செய்தி. காயப்பட்டவரை ஒதுக்கி வைக்கிற ஐஆர் இடம் எங்களிடம் ஒன்றுதானே, அதில் அவரைப் போட்டுவிட்டுத் திரும்பி வரும்வரை காத்திருப்பது அவனுடைய கணக்கு. அதிலும் பிழை சொல்ல முடியாது. செப்டம்பர் 25ஆம் தேதி பயிற்சி முகாமில் பார்கோவின் முழங்கால் போனது. இரண்டு தசைநார்களில் காயம், சத்திரசிகிச்சை, ஏழு முதல் ஒன்பது மாதம் ஓய்வு என்று அணி அறிவித்தது. எங்கள் ட்ராஃப்ட் முடிந்து மூன்றரை வாரம். என்எச்எல் சீசன் தொடங்க இன்னும் பன்னிரண்டு நாள்.

தம்பியிடம் ஐஆர் இடமும் இல்லை, நாலாம் சுற்று ஆளும் இல்லை. ஒரு ஆட்டம்கூடத் தொடங்கவில்லை, அவன் ஒரு ஆள் குறைவாக நின்றான். நவம்பர் கடைசியில், யார் யார் ஆடுவது என்று வரிசை போடுவதையே விட்டுவிட்டான். அதற்குப் பிறகு அவனோடு மோதியவர்களுக்கு ஒரு வார வெற்றி சும்மா கிடைத்தது. அதற்கு முன்பு மோதியவர்களுக்குக் கிடைக்கவில்லை. கடைசிக் கட்டமான பிளேஓஃப் இடங்கள் அந்த வித்தியாசத்தில்தான் போயின. இது அவன் ஒருவனுடைய இழப்பாக நிற்கவில்லை, மொத்த அட்டவணையையும் கோணலாக்கிவிட்டது.

காயம் எந்த நாளும் வரும், ட்ராஃப்ட்டைத் தள்ளிப் போட்டால் மட்டும் தப்பலாமா என்று அண்ணை கேட்டது சரிதான். சீசன் நடுவில் வருகிற காயம் எல்லோருக்கும் பொதுவான அபாயம், அதை ஏற்கிறேன். ஆனால் இன்னும் சில வாரத்தில் உலகத்துக்கே தெரியப் போகிற விஷயங்களைக் காத்திருக்காமல், தெரியாமலே ஆள் எடுக்கிறோம். அது தேவையில்லாத அபாயம்.

கோடையில் தகவல் படிப்படியாகத்தான் வருகிறது. யூனில் கையில் இருப்பது போன சீசனின் எண்கள் மட்டும். யூலை முதலாம் தேதி மதியம் பன்னிரண்டு மணிக்கு, ஒப்பந்தம் முடிந்த ஆட்களுக்கான சந்தை திறக்கும், யார் எந்த அணிக்குப் போகிறார் என்று தெரியும். ஓகஸ்ட்டில் யாருக்குச் சத்திரசிகிச்சை, யார் இன்னும் ஒப்பந்தம் போடவில்லை என்று தெரியும். செப்டம்பர் முகாமில்தான் யார் யாரோடு விளையாடுகிறார், எதிரணியில் ஒருவர் தண்டனைக்கு வெளியே இருக்கும்போது ஆடுகிற பவர் ப்ளேயின் முதல் ஐந்து பேர் யார் என்று தெரியவரும். எங்கள் மாதிரி லீக்கில் இந்தக் கடைசித் தகவல்தான் தங்கம். பவர் ப்ளேயில் எடுக்கிற புள்ளிக்குத் தனிக் கணக்கே வைத்திருக்கிறோம். அப்படியிருக்க, அது வருவதற்கு முந்திய வாரமே கடையைப் பூட்டுகிறோம்.

ரொறன்ரோ அணியில் இருந்த மிச் மார்னர் விஷயத்தை எடுங்கள். 2025 கோடையில் அவர் ரொறன்ரோவை விட்டு வேகஸுக்கு எட்டு வருட ஒப்பந்தத்தில் போனபோது குழுவில் வந்த கோபம் கொஞ்சமா! நானும் கோபப்பட்டவன்தான். ஆனால் எங்கள் பட்டியலுக்கு வேண்டியிருந்த கேள்வி வேறு. 102 புள்ளி எடுத்த ஆள் போய்விட்டார். ரொறன்ரோ பவர் ப்ளேயில் அவர் நின்ற இடத்தில் இனி யார்? ஓஸ்டன் மத்யூஸுக்குப் பந்தி பரிமாறுகிற மாதிரிப் பாஸ் கொடுத்தவர் போனபின் மத்யூஸை எந்தச் சுற்றில் எடுப்பது? வேகஸில் ஜாக் ஐக்கலோடு ஒரே வரிசையில் வருவாரா? லேபர் டே அன்று பேஸ்மென்டில் இருந்த ஒருவருக்கும் இதற்குப் பதில் தெரியாது. ஊகித்தோம், அவ்வளவுதான்.

அணி மாறினால் எவ்வளவு மாறும் என்பதை 2022 யூலையில் படித்திருக்க வேண்டும். ஜோனதன் ஹூபர்டோ புளோரிடாவில் 115 புள்ளி எடுத்த கையோடு கல்கரிக்கு மாற்றப்பட்டார். கச்சக் கல்கரியிலிருந்து புளோரிடாவுக்கு வந்ததும் அந்த மாற்றத்தில்தான். அடுத்த சீசனில் ஹூபர்டோவுக்கு 55 புள்ளி. கச்சக் 104இலிருந்து 109க்குப் போனார். ஆள் ஒருவர்தான், வயது ஒன்றுதான் கூடியது. பக்கத்தில் நின்றவர்களும் பயிற்சியாளரும் ஆடுகிற முறையும் மாறின. நான் அந்த வருடம் ஹூபர்டோவை இரண்டாம் சுற்றில் எடுத்தேன், 115 என்ற எண்ணை மட்டும் பார்த்து.

கோல் காப்பாளர் கதை இன்னும் மோசம். 2024 யூனில் பொஸ்டன் அணி லினஸ் உல்மார்க்கை ஒட்டாவாவுக்குக் கொடுத்தது. இனி ஜெரமி ஸ்வேமன்தான் முழுநேரம் என்று எல்லாப் பட்டியலிலும் அவர் பெயர் ஏறியது. ஆனால் அவருக்கு ஒப்பந்தம் முடியவில்லை. முகாம் முழுக்க அவர் இல்லை. ஒக்டோபர் தொடங்கின பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அந்த சீசனில் அவருடைய தடுப்புச் சதவீதம் .892 (ஆயிரம் ஷொட்டுக்கு 892 தடுத்த கணக்கு), அது குறைவு. முகாமைத் தவறவிட்டதுதான் முழுக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், பொஸ்டனே அந்த வருடம் சரிந்தது. ஆனால் அவர் பனியில் இறங்காமல் இருந்தது செப்டம்பர் முழுவதும் எங்கள் கண் முன்னால் நடந்தது. அப்போது ட்ராஃப்ட் செய்திருந்தால் இரண்டு சுற்றாவது தள்ளி எடுத்திருப்போம்.

இன்னொரு காரணம் புதியது. 2026-27 சீசனிலிருந்து என்எச்எல் அணிகள் 82க்குப் பதிலாக 84 ஆட்டம் ஆடுகின்றன. அதோடு சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள் அதிகபட்சம் நாலு என்று குறைகின்றன. முன்பு ஆறு, ஏழு ஆட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வந்த தகவல் இனி நாலு ஆட்டத்துக்குள் வரப்போகிறது. அந்த நாலையும் பார்க்காமல் ட்ராஃப்ட் செய்தால் எங்களிடம் இருப்பது யூலை மாதச் செய்தி மட்டும்.

சரி, அப்படியென்றால் கோடை முழுவதும் சும்மா இருந்துவிட்டு கடைசி வாரத்தில் பார்த்தால் போதுமா? போதாது. இதைத்தான் முக்கியமாகப் புதிதாக வந்த இரண்டு பேருக்கும் தம்பிக்கும் சொல்ல விரும்புகிறேன். செப்டம்பர்ச் செய்தியை விளங்கிக்கொள்ள யூனிலேயே அடித்தளம் போட வேண்டும். அதற்கு நான் முதலில் பார்ப்பது ஷொட் சதவீதம். லீக் முழுவதும் எடுத்தால் நூறு ஷொட்டுக்குப் பத்துச் சொச்சம் கோலாகும். நல்ல கோல்காரருக்குப் பதினைந்து வரலாம். இருபதைத் தாண்டினால் அடுத்த வருடமும் அது நிலைக்கும் என்று நம்பி விலை கொடுக்கக் கூடாது. வில்லியம் கார்ல்சன் கொலம்பஸில் 6 கோல் போட்டவர், 2017-18இல் வேகஸுக்கு வந்து 43 போட்டார். ஷொட் சதவீதம் 23.4. அடுத்த வருடம் 24 கோல். சாம் ரைன்ஹார்ட் 2023-24இல் 57 கோல், சதவீதம் 24.5. அடுத்த வருடம் 39. ரைன்ஹார்ட் மிக நல்ல ஆட்டக்காரர், 39 கோலும் பெரிய எண்தான். ஆனால் 57க்கு உரிய விலையைக் கொடுத்து எடுத்தவருக்கு அது நட்டம்.

இது மறுபக்கமும் வேலை செய்யும். நிறைய ஷொட் அடித்தும் பந்து, மன்னிக்கவும், பக் (ஹொக்கியில் அடிக்கிற தட்டு) உள்ளே போகாத ஒருவரைத் தேடுங்கள். ஆடிய நேரம் குறையவில்லை, ஷொட் எண்ணிக்கை குறையவில்லை, சதவீதம் மட்டும் தன் பழைய சராசரிக்குக் கீழே விழுந்திருக்கிறது என்றால், மற்றவர்கள் அவரைக் கைவிட்ட சுற்றில் நீங்கள் எடுக்கலாம். இதற்குக் காசு கொடுத்து வாங்குகிற தளம் எதுவும் வேண்டாம். போன மூன்று வருட எண்களை ஒரு தாளில் எழுதினால் போதும். ஒரு அணிக்கு ஒரு மாலை என்று வைத்தால் 32 மாலை. கோடையில் அது பெரிய நேரமில்லை.

யூலையில் ஆட்ட அட்டவணை வந்ததும் இரவுகளை எண்ணுங்கள். செவ்வாய், வியாழன், சனி இரவுகளில் பாதிக்கு மேற்பட்ட அணிகள் ஆடும். எங்கள் வரிசையில் இடம் போதாமல் நல்ல ஆட்களை வெளியே உட்கார வைக்கிறோம். திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு ஆடுகிற அணிகளில் இருந்து இரண்டு மூன்று பேர் இருந்தால் அந்த வெற்றிடம் நிரம்பும். முக்கியமாக மார்ச் மாதத்தை, எங்கள் பிளேஓஃப் வாரங்களை, இப்போதே பாருங்கள்.

சிலரை அடுத்த வருடத்துக்குத் தக்கவைக்கிற கீப்பர் லீக் என்பதால் இளம் ஆட்களையும் சொல்ல வேண்டும். மொன்றியலின் லேன் ஹட்சன் 2022இல் என்எச்எல் அணிகள் இளம் ஆட்களைத் தெரிகிற ட்ராஃப்ட்டில் 62ஆவதாகப் போனவர். உயரம் போதாது என்று பல அணிகள் விட்டன. 2024-25இல் 60 அசிஸ்ட், 66 புள்ளி, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது. அறிமுக சீசனில் ஒரு தடுப்பாட்டக்காரர் எடுத்த 60 அசிஸ்ட் என்பது 1980-81இல் லாரி மர்ஃபி வைத்த சாதனைக்குச் சமம். முதல் இலக்கத்தில் தெரிவாகிற பிள்ளையை எல்லோரும் பார்ப்பார்கள். ஹட்சன் போன்றவரைக் கண்டுபிடிக்கிறவர் கல்லூரி ஆட்டத்தையும் யூனியர் ஆட்டத்தையும் கோடையில் உட்கார்ந்து படித்தவராகத்தான் இருப்பார்.

லேபர் டேயை ஏன் தெரிந்தோம் என்பதும் எனக்குத் தெரியும். அந்தத் திங்கள் எல்லோருக்கும் லீவு, அடுத்த நாள் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும், பிறகு யாரையும் பிடிக்க முடியாது. பிள்ளைகள் உள்ளவர்களுக்குச் செப்டம்பர் வார இறுதி கஷ்டம்தான். அதனால் சனி இரவு எட்டு மணிக்குப் பிறகு வைப்போம். வர முடியாதவர்கள் வீட்டிலிருந்து இணையலாம். லேபர் டே ஒன்றுகூடலையும் விடத் தேவையில்லை. அதே பேஸ்மென்ட், அதே ரோல்ஸ், அன்றைக்கு ஒத்திகையாக ஒரு மொக் ட்ராஃப்ட் செய்வோம். ஒருவரும் தோற்காத ஆட்டம் அது. புதியவர்கள் கேள்வி கேட்கலாம், யார் எந்தச் சுற்றில் போகிறார் என்று கையில் பிடிபடும்.

இன்னொன்று: ஐஆர் இடத்தை இரண்டாக்குவோம். இதற்கு நான் நீண்ட விளக்கம் தரவில்லை, தம்பியின் கதை போதும்.

தம்பி, இதை நீயும் வாசிப்பாய் என்று தெரியும். இந்த வருடம் வருவதா விடுவதா என்று யோசிப்பதாகச் சொன்னாய். வா. நீ செய்த இரண்டு தெரிவும் அந்த நாளில் தெரிந்ததை வைத்து சரியானவை. பிழையான தேதியில் உன்னை உட்கார வைத்தவர்கள் நாங்கள். ஏழு வருடத்துக்கு முன்பு நான் இந்த லீக்கில் சேர்ந்தபோது கனடாவில் எனக்கு இரண்டே இரண்டு கூட்டாளிகள். செவ்வாய் இரவு வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, யாரோ ஒருவர் கோல் போட்டார் என்று உங்களில் ஒருவர் மெசேஜ் போடுவீர்கள். அந்தக் குளிர்காலம் எனக்கு அப்படித்தான் கழிந்தது. அது உனக்கும் கிடைக்க வேண்டும்.

அண்ணை, மூன்று கேள்விகளையும் குழுவில் வாக்குக்குப் போடுங்கள்: ட்ராஃப்ட் நாள், கீப்பர் பட்டியல் நாள், இரண்டாவது ஐஆர் இடம். யூலை முடியுமுன் பன்னிரண்டு பேரும் பதில் போட்டால் போதும். அந்த சனிக்கிழமை உங்கள் பேஸ்மென்ட் தோதுப்படாவிட்டால் எங்கள் வீட்டில் வைக்கலாம். மனைவியிடம் கேட்டுவிட்டேன், சரி என்கிறார். பன்னிரண்டு கதிரை இருக்கிறது, வைஃபையும் நன்றாக வேலை செய்கிறது.

அன்புடன்,
உங்களில் ஒருவன்