ஊட்டி–கூடலூர் சாலையில் சுற்றுலா வண்டி ஓட்டும் அண்ணன்மாருக்கு

அண்ணன்மாரே, வணக்கம்.

போன மாதம் ஊட்டியிலிருந்து கூடலூருக்கு உங்களில் ஒருவர் வண்டியில்தான் வந்தேன். கூட வந்த சென்னைக் குடும்பத்துக்கு அவர் கதை சொல்லிக்கொண்டே ஓட்டினார். கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் துரை வந்தார், இந்தக் குளிர் அவருக்குப் பிடித்துப்போனது, வீடு கட்டினார், ஏரி வெட்டினார். "வெள்ளைக்காரன் வராட்டி இது வெறும் காடு சார்!"

தோடர்களின் ஊரான மந்தும் படகர்களின் ஊரான ஹட்டியும் அப்போதே இருந்தன என்பது உங்களுக்கே தெரியும். சரி, அதை விடுங்கள். நடுவட்டத்தில் டீக்கு நிறுத்தினார். அங்கிருக்கும் பழைய ஜெயிலைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

மலேரியாவுக்குத் தரும் கொய்னா மாத்திரை சிங்கோனா மரப்பட்டையிலிருந்து வருவது. அந்த மரம் தென் அமெரிக்க மலைகளுக்கு உரியது. அதை வெளியே விட அந்த நாடுகளுக்கு மனமில்லை. 1860 வாக்கில் மார்க்கம் என்ற ஆங்கிலேயரின் குழு நாற்றையும் விதையையும் அங்கிருந்து கடத்தியது. நீலகிரி அதற்கு வாகாக அமைந்தது. தோட்டம் போட ஆள் வேண்டுமே? சிங்கப்பூர், பினாங்கு பக்கமிருந்து மதராசுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளை இங்கே கொண்டுவந்து, அந்த ஜெயிலில் அடைத்து வேலை வாங்கினார்கள். மலேரியாவுக்குப் பயந்து கரையோரத்திலேயே நின்ற வெள்ளைக்காரப் படைகள் ஆப்பிரிக்காவின் உள்ளே போய்த் தங்க முடிந்ததில் கொய்னாவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒருவன் மரம், இன்னொருவன் மண், மூன்றாமவன் முதுகு. சாம்ராஜ்யம் மட்டும் அவர்களுடையது.

கீழே இறங்கினால் தேவாலா. 1880ஐ ஒட்டி அங்கே தங்கம் என்று லண்டனில் கம்பெனி கம்பெனியாகப் பங்கு விற்றார்கள். காப்பியில் நொந்துபோன துரைமார் எஸ்டேட்டைத் தங்க விலைக்குத் தள்ளிவிட்டுக் கிளம்பினார்கள். பாறையில் கிடைத்தது சொற்பம். சில வருடத்தில் எல்லாம் படுத்துவிட்டது. தங்கம் எடுத்தது பங்கு விற்றவன்தான்.

அப்புறம் எங்கள் கதை. என் பாட்டியின் அப்பாவை, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி இலங்கைக்குக் கூட்டிப்போனார். அங்கே 'துண்டு' என்று ஒரு காகிதம் உண்டு. அதில் கூலியின் கடன் எழுதியிருக்கும். வேறு தோட்டம் போக வேண்டுமானால் புதுத் துரை அந்தக் கடனைக் கட்ட வேண்டும். அதாவது ஆளை வாங்க வேண்டும். 1921 வரை இது நடந்தது. வெள்ளைக்காரன் போனபின், 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். பாட்டி கூடலூர் வந்து மறுபடி கொழுந்துதான் பறித்தார். சாகும்வரை ஊருக்கு அவர் 'சிலோன்காரி'.

சல்லிவனைச் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. நடுவட்டத்தில் டீ குடிக்கும்போது அந்தச் சீனக் கைதிகளையும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். பக்கத்துச் சரிவில் கொழுந்து பறிப்பவர்களைப் போட்டோ எடுக்க யாராவது இறங்கினால், அவர்களில் பலருடைய தாத்தா பாட்டி எங்கிருந்து வந்தார்கள் என்பதையும்.

இப்படிக்கு,
கூடலூர்க்காரன் ஒருவன்