இருட்டும் தமிழும் கொடுங்கள்: பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஆண்டிறுதித் தேர்வு முடிந்து ஆசிரியர்கள் தாள் திருத்தும் வாரத்தில், பிள்ளைகளை மண்டபத்தில் உட்காரவைத்து ஒரு கார்ட்டூன் போட்டுவிடுவது பல பள்ளிகளில் வழக்கம். அதில் தவறில்லை. போடுவது நல்ல படமாக இருந்துவிட்டால்தான் சங்கடம். கையால் வரைந்த பழைய அசைவோவியப் படங்கள் சில, முதல்முறை பார்க்கும் பிள்ளைக்குக் கொடுப்பதை மறுமுறை கொடுப்பதில்லை. அந்த முதல்முறையை வெயில் பாயும் மண்டபத்தில், திரையில் பிதுங்கிய முகங்களோடு, ஓடி மறையும் ஆங்கில எழுத்தோடு, பாதியில் மணியடித்து எழுப்பிவிட்டு வீணாக்குகிறோம். பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளும் பெரிய செலவில்லாமல் இதைச் சரியாகச் செய்யலாம். அதற்குத்தான் இந்த மடல்.

ஒரே படத்தை வைத்துப் பேசுவது எளிது. ஹயாவோ மியாசாகி இயக்கி 1988இல் வந்த ஜப்பானியப் படம் 'மை நெய்பர் டோட்டோரோ' 86 நிமிடம் ஓடும். ஒரு பாடவேளை 30 நிமிடம் என்றால் மூன்று பாடவேளை போதும்போலத் தெரியும். போதாது. வரிசையாக அழைத்து வர, கழிப்பறைக்கு அனுப்ப, அடங்கி உட்கார என்று இருபது நிமிடம் போய்விடும். நான்கு பாடவேளை ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் அன்றைக்குப் படமே வேண்டாம். இன்றைக்குப் பாதி, நாளைக்கு மீதி என்பது மட்டும் கூடாது. மெதுவாகத் தொடங்கி மெதுவாக ஏறுகிற படம் அது. மறுநாள் நடுவிலிருந்து போட்டால் பிள்ளைகளுக்கு வெறும் மரமும் மழையும்தான் மிஞ்சும். இடைவேளையும் விட வேண்டாம். பசியாறிய பிறகு தொடங்கினால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

முதல் எதிரி வெளிச்சம். பள்ளிகளில் உள்ள ப்ரொஜெக்டர் பெரும்பாலும் 3000 லூமன்ஸ் ஒளி அளவுடையது. இருட்டறையில் 3 மீட்டர் அகலப் படத்துக்கு அது தாராளம். கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய நாக்கோ ஜன்னல் திறந்திருந்தால் அதே கருவி தோற்றுவிடும். பகல் காட்சிகள் வெளிறியாவது தெரியும். இரவுக் காட்சிகள் சாம்பல் நிறத் துணியாகிவிடும். ப்ரொஜெக்டரால் கருப்பைக் காட்ட முடியாது. அறையில் இருக்கும் இருட்டுதான் திரையில் கருப்பு. கருப்புக் குப்பைப் பையை இரண்டு மடிப்பாக ஜன்னலில் ஒட்டுங்கள். ஒரு மடிப்பு என்றால் காலை வெயில் ஊடுருவும். செலோடேப் வேண்டாம், பசை கண்ணாடியிலேயே தங்கிவிடும். மாஸ்கிங் டேப் போதும். திரைக்கு எதிரே உள்ள ஜன்னல்களை முதலில் மூடுங்கள், திரையில் நேராக விழுவது அந்த வெளிச்சம்தான். ஜன்னலை மூடினால் புழுங்கும், மின்விசிறி வேண்டியிருக்கும். ஆனால் ஒளிக்கற்றை விசிறி இறக்கையைத் தொட்டுக்கொண்டு போனால் படம் துடிக்கும், சின்னப் பிள்ளைகளுக்குத் தலைவலி வரும். கருவியைத் தாழ்வாக, மேசைமேல் வையுங்கள்.

திரைக்குப் படுக்கை விரிப்பு கட்டுகிறவர்கள் உண்டு. விரிப்பு ஒளியில் ஒரு பங்கைப் பின்பக்கம் கடத்திவிடும். வேறு வழியில்லை என்றால் அதன் பின்னால் கருப்புத் துணி ஒன்று கட்டுங்கள். அதைவிட, பழைய விழா பேனரின் வெள்ளை முதுகுப்புறம் நன்றாக இருக்கும். அடி ஓரத்தில் மணல் நிரப்பிய பிவிசி குழாயைச் செருகிவிட்டால் விசிறிக் காற்றுக்கு ஆடாது. தரையில் உட்காரும் பிள்ளைகளுக்குத் திரையின் அடி ஓரம் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். முதல் வரிசை திரையிலிருந்து 3 மீட்டர், கடைசி வரிசை 10 மீட்டருக்குள். அதற்கும் பின்னால் உட்காரும் பிள்ளை படம் பார்ப்பதில்லை, படம் பார்க்கிற பிள்ளைகளைத்தான் பார்க்கிறது.

முகம் பிதுங்குவது கருவியின் குற்றமில்லை. 1937இல் வந்த 'ஸ்னோ வைட்' போன்ற படங்கள் ஏறக்குறைய சதுரமானவை, உயரம் 1 என்றால் அகலம் 1.37. திரையின் இரு பக்கமும் காலியாக இருக்கிறதே என்று யாராவது 'முழுத்திரை' பொத்தானை அழுத்துவார்கள். அவ்வளவுதான், இளவரசிக்குத் தாடை வீங்கிவிடும். காலி இடம் காலியாகவே இருக்கட்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, படத்தில் நிலாவோ சக்கரமோ வரும் இடத்தில் நிறுத்தி, அளவுநாடாவால் அகலத்தையும் உயரத்தையும் அளங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ப்ரொஜெக்டருக்குப் பதில் பெரிய தொலைக்காட்சி வாங்கிவிட்ட பள்ளிகளுக்குத் தனியாக ஒன்று. கையால் வரைந்த படம் விநாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓடும். ஆனால் ஓவியங்கள் 24 இல்லை. ஒரே ஓவியம் இரண்டு சட்டகமோ மூன்று சட்டகமோ நிற்கும். அந்தச் சின்னத் தயக்கத்தில்தான் அசைவுக்கு உயிர் வருகிறது. புதிய தொலைக்காட்சிகள் அதைக் குறை என்று நினைத்து, இடையில் இல்லாத சட்டகங்களைத் தாமாகவே செய்து செருகும். கோடுகளின் ஓரம் கரையும், ஓடுகிற குழந்தை எண்ணெயில் வழுக்குவதுபோல் இருக்கும். சாம்சங்கில் இதற்கு ஆட்டோ மோஷன் பிளஸ் என்று பெயர், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. மூன்றையும் அணைக்கலாம். படத்தின் நிற அமைப்பையும் 'விவிட்'டிலிருந்து 'சினிமா'வுக்கு மாற்றிவிடுங்கள்.

ஒலிக்கு ப்ரொஜெக்டரின் வயிற்றுக்குள் இருக்கும் ஸ்பீக்கரை நம்பவே வேண்டாம். சபைகூடலுக்கு வைத்திருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களைத் திரையின் இரு பக்கமும் நிறுத்துங்கள். புளூடூத்தில் இணைத்தால் வாய் முன்னே போகும், குரல் பின்னே வரும், கம்பியே நல்லது. கம்பியில் 'உம்ம்' என்று இரைந்தால் மடிக்கணினியையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே நீட்டிப்புப் பெட்டியில் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

ஒலியளவைச் சரிபார்க்க இந்தப் படத்திலேயே நல்ல இடம் இருக்கிறது. பாதியைத் தாண்டியதும் பேருந்து நிறுத்தக் காட்சி வரும். இருட்டு, மழை, குடையோடு அக்கா, முதுகில் தூங்கும் தங்கை. அப்பா வரவேண்டிய பேருந்து வரவில்லை. பக்கத்தில் பெரிய உருவம் ஒன்று வந்து நிற்கிறது, அதுதான் டோட்டோரோ, தலையில் ஒரே ஓர் இலை. வெகுநேரம் ஒன்றும் நடக்காது. அக்கா கொடுத்த குடையை அது பிடித்துக்கொண்டு நிற்க, மரத்திலிருந்து ஒரு சொட்டு விழுகிறது. டப். அதற்குக் கண் விரிகிறது. இன்னும் ஒரு சொட்டு. அந்தச் சத்தம் பிடித்துப்போய் அது எம்பிக் குதிக்க, மரத்திலிருந்த தண்ணீர் மொத்தமும் குடைமேல் கொட்டுகிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்து இந்தக் காட்சியைப் போட்டுக் கேளுங்கள். முதல் சொட்டு காதில் விழ வேண்டும், கொட்டும்போது காதைப் பொத்தவும் கூடாது. முதல் சொட்டு கேட்காத மண்டபத்தில் பிள்ளைகள் சிரிக்க மாட்டார்கள். காரணம் தெரியாமல் 'பிள்ளைகளுக்குப் படம் பிடிக்கவில்லை' என்று அறிக்கை எழுதப்படும். (துத்தநாகக் கூரை மண்டபம் என்றால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பிற்பகலில் வைக்காதீர்கள். வெளியே பெய்யும் மழை உள்ளே பெய்யும் மழையை விழுங்கிவிடும்.)

இனி மொழி. இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினோம்.

படிநிலை 1 (ஆண்டு 1 முதல் 3 வரை) பிள்ளைகளால் ஆங்கில வசனவரியை ஓடும் வேகத்தில் படிக்க முடியாது. மலாய் வசனவரியும் அப்படித்தான். படிக்கத் திணறும் பிள்ளை திரையின் அடியையே பார்த்துக்கொண்டிருக்கும். மேலே நடப்பது தப்பிவிடும். எனவே வசனவரியை அணைத்துவிட்டு, ஜப்பானியக் குரலைச் சற்றுத் தாழ்த்தி, அதன்மேல் நேரடியாகத் தமிழில் பேசுங்கள். ஊமைப்படக் காலத்தில் ஜப்பானிய அரங்குகளில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல பென்ஷி என்ற கலைஞர்களே இருந்தார்கள். கோவில் திடலில் கதாகாலட்சேபம் கேட்ட நமக்கும் இது புதிதில்லை. ஆங்கிலக் குரல் மாற்றத்தின்மேல் தமிழ் பேச வேண்டாம். பாதி தெரிந்த மொழியும் முழுதும் தெரிந்த மொழியும் ஒரே நேரத்தில் காதில் விழுந்தால் பிள்ளை இரண்டையும் விட்டுவிடும்.

தமிழ் உரையை ஆங்கிலத்திலிருந்து எடுக்காதீர்கள், ஜப்பானியம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில வழியே வந்தால் நம்மிடம் ஏற்கெனவே இருப்பது தொலைந்துபோகும். நான்கு வயது மே தன் அக்காவை 'சாட்சுகி' என்று பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஒனேச்சான்' என்கிறாள். அது அக்காதான், வேறொன்றுமில்லை. பக்கத்து வீட்டு மூதாட்டி உறவுக்காரர் இல்லை, ஆனாலும் பிள்ளைகளுக்கு அவர் பாட்டி. பள்ளிக்குக் கிளம்பும்போது சொல்லும் 'இத்தேகிமாசு' சொல்லுக்குச் சொல் 'போயிட்டு வர்றேன்'. ஆங்கிலத்தில் அது வெறும் 'பை' ஆகிவிடுகிறது. மழைக்கு ஒதுங்கும்போது வழியோரச் சிறு சன்னதியைப் பார்த்து அக்கா அனுமதி கேட்கிறாள். 'சாமி, கொஞ்ச நேரம் ஒதுங்கிக்கிறோம்' என்று சொல்லிப் பாருங்கள், மண்டபத்தில் ஒரு பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படாது. டோட்டோரோ வாழும் பெரிய மரம் கற்பூர மரம். தமிழில் சொன்னதும் பூசைத்தட்டின் மணம் வந்துவிடும்.

பழைய வீட்டில் ஒளிந்திருக்கும் கரித்தூசி உருவங்களான கரிக்குட்டிகளைப் பிள்ளைகள் கூவிக் கூப்பிடும் இடம் பாட்டுப்போல் தாளத்தோடு வர வேண்டும்: 'கரிக்குட்டி, கரிக்குட்டி, வெளிய வா! வரலேன்னா கண்ணைத் தோண்டிருவோம்!' மூலத்திலும் கண்ணைத்தான் தோண்டுகிறார்கள், நாகரிகம் கருதி மாற்றிவிடாதீர்கள். 'வந்துவிட்டார்களா' வேண்டாம், 'வந்துட்டாங்களா' போதும். விநாடிக்கு இரண்டு சொல் என்று கணக்கு வைத்து எழுதுங்கள்; மூன்று விநாடி வசனத்துக்கு ஆறு சொல். நீண்டால் அடுத்த வசனத்தை மிதிக்கும்.

பேச இரண்டு பேர் போதும். தெளிவாகப் பேசும் ஆண்டு 6 மாணவி ஒருத்தி மேயாகப் பேசினால் இன்னும் நன்று. படத்தோடு மூன்று முறையாவது பழகுங்கள். உரையைப் பெரிய எழுத்தில் எழுதி, ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் எந்தச் சத்தத்துக்குப் பிறகு பேச வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். நிமிடக் கணக்கை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். பேல் (PAL) முறை டிவிடி விநாடிக்கு 24 சட்டகத்தை 25ஆக ஓட்டும், 86 நிமிடப் படம் ஏறக்குறைய 82½ நிமிடத்தில் முடிந்துவிடும். புளூரேயில் பழகிவிட்டு அந்த டிவிடியைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் 2 நிமிடம் 24 விநாடி பின்தங்கிவிடுவீர்கள். எந்த வட்டில் பழகினீர்களோ அதையே போடுங்கள். டிவிடிகளுக்கு நாடுவாரியாக மண்டலப் பூட்டு உண்டு: இந்தியாவில் வாங்கிய டிவிடி மண்டலம் 5, நம் நாட்டுக் கருவி மண்டலம் 3. ஓடுமா என்று முதல் நாளே பாருங்கள்.

பேசாமலிருப்பதும் உரைஞர் வேலைதான். பேருந்து நிறுத்தத்தில் ஒலிவாங்கியை அணைத்தே வையுங்கள். 'பாருங்கள் பிள்ளைகளே, டோட்டோரோ வந்துவிட்டது' என்று யாராவது சொன்னால், அந்த நான்கு சொல்லில் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

உரிமை பற்றிச் சுருக்கமாக. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, இலாப நோக்கமற்ற நிறுவனங்கள் கல்விக்காகக் கட்டணமின்றிக் காட்டுவதற்கு இடம் தருகிறது. நுழைவுக்கு ஒரு ரிங்கிட் வாங்கினாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும், நிதி திரட்ட வேறு வழி பாருங்கள். யாரோ ஓர் ஆசிரியரின் வீட்டு ஸ்ட்ரீமிங் கணக்கில் ஓட்டாதீர்கள். அந்த ஒப்பந்தம் வீட்டுக்கானது. மேலும், பல நேரம் ப்ரொஜெக்டரில் குரல் மட்டும் வரும், படம் கருப்பாக இருக்கும். எச்டிஎம்ஐ கம்பி வழியிலுள்ள நகல் தடுப்புப் பூட்டின் வேலை அது. அசல் வட்டு வாங்கினால் இரண்டு தலைவலியும் இல்லை.

படத்தின் கடைசிப் பகுதியில் மே காணாமல் போவாள், குளத்தில் ஒரு சின்னச் செருப்பு கிடைக்கும். பாலர் பள்ளிப் பிள்ளைகள் சிலர் அழுவார்கள். படத்தை நிறுத்தவோ விளக்கைப் போடவோ வேண்டாம், நிறுத்தினால் பயம் அங்கேயே உறைந்து நின்றுவிடும். இரண்டே நிமிடத்தில் படமே பதில் சொல்லிவிடும். உட்காரவைக்கும்போதே ஒவ்வொரு சின்னப் பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு பெரிய பிள்ளையை வையுங்கள். முடிந்ததும் பயிற்றி கொடுக்காதீர்கள். 'இப்படத்தின் வழி நீ அறிந்த நன்னெறி யாது' என்ற கேள்விக்கு விடை எழுத வேண்டும் என்று தெரிந்துவிட்டால், அடுத்த படத்தைப் பிள்ளை பென்சிலோடுதான் பார்க்கும்.

விளக்குச் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆசிரியரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். கடைசிப் பாட்டு தொடங்கி எழுத்துகள் மேலேறும்போது கதை முடிந்திருக்காது. மருத்துவமனையிலிருந்து அம்மா வீட்டுக்குத் திரும்பி வருவது அந்த எழுத்துகளுக்குப் பின்னால் வரும் ஓவியங்களில்தான் இருக்கிறது. திரை முழுதும் கருப்பாகும்வரை சுவிட்சில் கை வைக்க வேண்டாம்.

அன்புடன்,
பள்ளி மண்டபங்களில் திரை கட்டி, ஒலி பார்த்து, தமிழ் உரை எழுதுகிறவர்கள்
பினாங்கு