குழாய் யாருடையதோ அவரும் பேசட்டும்

அட்மின்களுக்கு வணக்கம்.

காவிரி, ஏரி, போர்வெல் பற்றியெல்லாம் துறை சார்ந்தவர்கள் மட்டும் கருத்துச் சொல்லலாம், மற்றவர்கள் படித்தால் போதும் என்று நம் குடியிருப்புத் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு விதி போட்டிருக்கிறீர்கள். ஏன் போட்டீர்கள் என்று புரிகிறது. 2016 செப்டம்பர் 12-ஆம் தேதி பெங்களூரில் இருந்த எந்தத் தமிழருக்கும் அந்த நாள் மறக்காது. காவிரி பற்றிய உச்ச நீதிமன்ற உத்தரவு, கைபேசிகளில் சுற்றிய அடிதடி வீடியோக்கள், அப்புறம் எரிந்துபோன தமிழ்நாட்டு பஸ்கள், லாரிகள், ஊரடங்கு. அதற்கு முன்பு, 2012 ஆகஸ்டில், வதந்தியைக் கேட்டுப் பயந்து வடகிழக்கு மாநிலத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இங்கிருந்து குவாஹாட்டிக்கு ரயிலேறினார்கள். மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புவதற்கே மத்திய அரசு சில நாள் தடை போட வேண்டி வந்தது.

அன்றைக்குச் சுற்றியதை ஃபார்வர்டு செய்தவர்களில் படித்தவர்களும் இருந்திருப்பார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் தள்ளிவிட்டால், தள்ளிவிடுபவர் ரிட்டயர்டு எஞ்சினியராக இருந்தாலும் சேதம் அதேதான்.

2024 கோடையை நினைத்துப் பாருங்கள். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. டேங்கர் தண்ணீருக்கு மாவட்ட நிர்வாகம் விலை வைத்தது. அந்த விலைக்கு டேங்கர் வந்ததா? அது டேங்கர்காரருக்குப் போன் போட்டுக் கெஞ்சியவர்களுக்கும் நம் செக்யூரிட்டிக்கும்தான் தெரியும். பெல்லந்தூர் ஏரி 2015-லும் 2017-லும் 2018-லும் தீப்பிடித்தபோதும், புகையைக் கண்டு சொல்ல யாருக்கும் டிகிரி தேவைப்படவில்லை. சுத்திகரிக்காத கழிவுநீர் என்ன செய்கிறது, சோப்புத்தூளின் பாஸ்பேட்டால் நுரை எப்படிப் பொங்குகிறது என்பது வேறு விஷயம். அதை விஞ்ஞானிகள்தான் சொல்ல வேண்டும், சொன்னார்கள்.

காவிரியும் இப்படித்தான். 2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய தண்ணீர் 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைந்தது. கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75-இல் 4.75 பெங்களூர் குடிநீருக்கு. இந்தப் பங்கீடு நியாயமா என்று அடித்துப் பேசும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அந்த 4.75-இல் என் வீட்டுக் குழாய்க்கு ஏதாவது வருகிறதா என்று நான்தானே சொல்ல முடியும்? அதுவும் நம்மில் பாதிப் பேருக்குச் சொந்தக்காரர்கள் தஞ்சாவூர்ப் பக்கம் நாற்று நடுகிறார்கள், நாம் இங்கே அதே ஆற்றுத் தண்ணீரில் சோறு வடிக்கிறோம். இரண்டு கரையின் கஷ்டமும் தெரிந்தவர்களையா வாயை மூடச் சொல்வது?

(அணைக்கட்டு வேலையில் இருந்த சார், டெங்குவுக்குப் பப்பாளி இலைச் சாறு குடிக்கச் சொன்னபோது நீங்கள் யாரும் தடுக்கவில்லை. அங்கே மட்டும் துறை எங்கே போனது?)

விதி வேண்டும்தான், இதை மாற்றிப் போடுங்கள். எழுதுகிறவர் தான் பார்த்ததா, பேப்பரில் படித்ததா, கேள்விப்பட்டதா என்று முதலில் சொல்லட்டும். கேள்விப்பட்டதென்றால் அதை நிறுத்தி வையுங்கள். காரணம் சொல்கிறவர் எப்படித் தெரியும் என்று கேட்டால் பதில் சொல்லட்டும், எஞ்சினியர் உட்பட.

விதி மாறும்வரை குழுவில் எழுத முடியாது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பி பிளாக்கில் நேற்றிலிருந்து தண்ணீர் மஞ்சளாக வருகிறது. நானே பார்த்தேன். காரணம் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது சம்ப்பை, அதான் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியை, வந்து பாருங்கள்.