மெர்சிங்கில் இருக்கும் கோவிந்தனுக்கு

சுங்கை சிப்புட்

அன்புள்ள கோவிந்தனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீ மறுபடியும் நடக்கத் தொடங்கியதை அறிந்து வீட்டில் எல்லாரும் மகிழ்ந்தோம். வீட்டின் பின்புறம் சிறிய காற்றாலை வைத்தால் எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்று கேட்டிருந்தாய். எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்திற்காக அதே கணக்கைப் பல மாதம் போட்டுப் பார்த்தவன் என்பதால், கற்றதை அப்படியே எழுதுகிறேன்.

விற்பனைத் தாளில் 1 கிலோவாட் என்று அச்சிட்டிருப்பது, பெரும்பாலும் வினாடிக்கு 11 அல்லது 12 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றுக்கான அளவு. காற்றிலுள்ள திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், 12 மீட்டரில் 1,000 வாட் தரும் இயந்திரத்துக்கு 3 மீட்டர் காற்றில் கிடைப்பது 64இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 16 வாட்தான். உண்மையில் அந்த வேகத்தில்தான் பல சிறிய காற்றாலைகள் சுழலவே தொடங்குகின்றன. ஆகவே அதுவும் முழுதாகக் கைக்கு வராது.

இதைவிடப் பெரிய பிழை, சராசரி வேகத்தை வைத்துக் கணக்கிடுவது. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். ஒரு மணி நேரம் 2 மீட்டரிலும் அடுத்த மணி நேரம் 6 மீட்டரிலும் காற்று வீசியதாக வைத்துக்கொள். சராசரி 4; அதன் மூன்றாம் அடுக்கு 64. ஆனால் தனித்தனியே பெருக்கினால் 8உம் 216உம் வருகின்றன, அவற்றின் சராசரி 112. அந்த 8 கூட இயந்திரத்தை அசைக்காது என்பதால், கிடைக்கும் மின்சாரம் முழுவதும் இரண்டாவது மணி நேரத்தில் பிறந்தது. எனவே ஒவ்வொரு வேகத்திலும் காற்று எத்தனை மணி நேரம் வீசியது என்று எண்ணி, அந்த வேகத்தில் இயந்திரம் தரும் வாட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுவதே நம்பத்தக்க வழி.

எங்கள் மண்டபத்தைச் சுற்றிச் செம்பனை ஓங்கி நிற்கிறது. கூரையில் காற்றின் வேகத்தை அளக்கும் வேகமானியைப் பொருத்திக் குறித்தபோது, பெரும்பாலான நேரம் காற்று 2 மீட்டரைத் தாண்டவில்லை. மாலை மழைக்கு முன் வரும் சூறைக்காற்றோ சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. மரங்களில் மோதிச் சுழன்று வருவதால் திசையும் நிலையாக இருப்பதில்லை. கோயில் குழுவினரிடம் வேண்டாம் என்று சொன்னபோது எனக்கே வருத்தமாக இருந்தது.

உன் பக்கம் அப்படியில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை தென்சீனக் கடலிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்று நேராக வந்து சேர்கிறது. ஆனாலும் அந்த ஐந்து மாதக் கணக்கை ஆண்டு முழுவதற்கும் நீட்டிவிடாதே; ஏப்ரலுக்குப் பிறகும் அளக்க வேண்டும். வேகமானியைக் கூரையில் கட்டாமல், காற்றாலை நிற்கப்போகும் உயரத்திலேயே, அக்கம்பக்கத்துத் தென்னைகளுக்கு மேலாகக் கட்டு.

என்னுடைய வேகமானி இப்போது சும்மாதான் இருக்கிறது. அக்டோபருக்குள் அனுப்பி வைக்கிறேன். கம்பம் எத்தனை அடி என்று மட்டும் எழுது, அதற்கேற்ற நீளத்தில் கம்பியும் சேர்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
சுப்பையா