தாராவித் தகரக் கூரை வீடுகளுக்கு வெப்பப் பாதுகாப்பு வேண்டிக் கோரிக்கை மனு

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
பிருஹன்மும்பை மாநகராட்சி,
மும்பை.

பொருள்: மும்பை காலநிலைச் செயல்திட்டத்திலும் அதற்கான நிதி ஒதுக்கீட்டிலும் தாராவித் தகரக் கூரை வீடுகளின் உள்வெப்பத்தைச் சேர்த்து, வரும் கோடைக்கு முன் நடவடிக்கை எடுக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். தாராவி தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தினர் ஒன்றுகூடிப் பேசி இந்த மனுவை எழுதுகிறோம். எங்களில் பலருடைய தாத்தாக்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்காக இங்கு வந்தவர்கள்.

எங்கள் சந்துகளில் பல வீடுகளுக்கு இட்லி வியாபாரம்தான் பிழைப்பு. நள்ளிரவு தாண்டியதும் பெண்கள் அடுப்பைப் பற்றவைத்து ஈடு ஈடாக அவித்து எடுக்க, விடிவதற்குள் ஆண்கள் அண்டாவில் அடுக்கிக்கொண்டு நகரின் மற்ற பகுதிகளுக்கு விற்கப் புறப்பட்டு விடுகிறார்கள். இரவெல்லாம் ஆவியில் நின்றவர்களுக்குப் பகலில்தான் தூக்கம். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் பகல் பதினொரு மணிக்கெல்லாம் மேல்மாடித் தகரம் கையால் தொட முடியாத அளவுக்குக் காய்ந்துவிடுகிறது. சீலிங் ஃபேன் அந்தச் சூட்டையே கீழே இறக்குகிறது. ஈரத்துணியைத் தரையில் விரித்து அதன்மேல் பிள்ளைகளைப் படுக்க வைக்கிறோம். தூங்காத உடம்போடு மறுபடியும் அடுப்படிக்குப் போகும் பெண்களுக்குத் தலைசுற்றலும் மயக்கமும் வருகின்றன. இதை நாங்கள் ஒவ்வொரு கோடையிலும் கண்ணால் பார்க்கிறோம்.

இந்த வெப்பம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பதே எங்கள் முதன்மையான கவலை. கடலோர நிலையமொன்றில் அதிகபட்ச வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸை எட்டி, அது இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாகவும் இருந்தால்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதை வெப்ப அலை என்கிறது. மும்பைக்கான அளவுகள் கொலாபாவிலும் சாந்தாகுருஸிலும் திறந்தவெளியில், நிழலில் வைத்த கருவிகளில் எடுக்கப்படுகின்றன. அந்த முறையில் குறை காண நாங்கள் வரவில்லை. ஆனால் 34 டிகிரி என்று அறிவிக்கப்படும் ஒரு நாளில், கடற்காற்றின் ஈரப்பதம் சேர்ந்த, சன்னல் இல்லாத தகர அறைக்குள் என்ன நடக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. அளக்காத துன்பத்துக்கு நிதி ஒதுக்க யாராலும் முடியாதல்லவா?

மும்பை இந்த விஷயத்தில் முன்னோடியாக இருப்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு. உலகப் பெருநகரங்களின் சி40 கூட்டமைப்பில் இணைந்து, 2022 மார்ச்சில் காலநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டு, 2050க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு, அதாவது வெளியிடும் பசுங்குடில் வாயுக்களும் உறிஞ்சப்படுபவையும் சமமாக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்த நகரம் இது. 2024இல் காலநிலைக்கெனத் தனி வரவு செலவு அறிக்கையும் வெளியிட்டது. புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வோம் என்ற 2015ஆம் ஆண்டு பாரிஸ் உடன்பாட்டையும், பாதிக்கப்படும் ஏழை நாடுகளுக்காக 2022இல் எகிப்தின் ஷர்ம் எல் ஷேக் நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் முடிவான இழப்பு, சேத நிதியையும் நாங்கள் மனமார ஆதரிக்கிறோம். இந்தியரின் தலா உமிழ்வு உலக சராசரியில் பாதிகூட இல்லை; அதிலும் ஏசி இல்லாத, கார் இல்லாத எங்கள் பங்கு மிகச் சிறியது. மாறாக, இந்நகரம் தூக்கி எறியும் பிளாஸ்டிக்கைத் தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் தரம் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது எங்கள் அக்கம்பக்கத்தவர்தான். உலக மாநாடுகளில் ‘எளிதில் பாதிக்கப்படும் மக்கள்’ என்று குறிப்பிடப்படுவோரில் நாங்களும் அடக்கம் என்பதால், அங்கே எடுத்த முடிவின் பலன் எங்கள் சந்து வரை வரவேண்டும் என்று கேட்கிறோம்.

வழி புதிதல்ல. 2010 மே மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்த பிறகு, அகமதாபாத் மாநகராட்சி 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. பின்னர் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பதையும் அதில் சேர்த்தது. தெலங்கானா 2023இல் வெயிலைத் திருப்பி வீட்டைக் குளிர்விக்கும் கூரைகளுக்கான குளிர்கூரைக் கொள்கையே அறிவித்தது. எங்கள் சொந்த ஊர் இருக்கும் தமிழ்நாடு, 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது.

ஆகவே, வரும் கோடைக்கு முன் தாராவியின் தகர, சிமென்ட் ஷீட் கூரைகளுக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்க காலநிலை நிதியிலிருந்து தொகை ஒதுக்குமாறு வேண்டுகிறோம். தாராவி மறுசீரமைப்புத் திட்டம் முடிந்தால் கான்கிரீட் வீடு வருமே என்று இதைத் தள்ளிவைக்க வேண்டாம். அதற்கு ஆண்டுகள் ஆகும், நடுவில் வரும் ஒவ்வொரு மே மாதத்தையும் நாங்கள் இந்தத் தகரத்தின் கீழேதான் கடக்க வேண்டும். பூச்சு வேலையில் வீட்டு உரிமையாளர், வாடகைக்காரர் என்ற பேதமும் வேண்டாம். வெப்பம் அதிகம் தாக்கும் மேல்மாடிகளில் இருப்போரில் வாடகைக்காரர்களே மிகுதி.

வீடுகளுக்குள் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பதிவு செய்யும் சிறு கருவிகளைச் சில சந்துகளில் பொருத்தி, அந்த அளவுகளைக் கொண்டு தாராவிக்கெனத் தனி எச்சரிக்கை வரம்பு வகுக்கவும் வேண்டுகிறோம். 2027க்குள் உலகில் ஒவ்வொருவருக்கும் முன்னெச்சரிக்கை சென்றுசேர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் சபை வைத்துள்ள இலக்கு. எங்கள் பாட்டிமார் பலருக்குத் தமிழ் எழுத்து மட்டுமே தெரியும். தமிழ்வழிப் பள்ளிகளை நடத்திவரும் மாநகராட்சிக்கு, வெப்ப, மழை எச்சரிக்கைகளைத் தமிழிலும் அச்சிடுவதும் ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் கடினமான காரியம் அல்ல.

கருவிகளைப் பார்த்து அளவைக் குறித்துவைக்க எங்கள் பெண்கள் முன்வந்திருக்கிறார்கள். பூச்சு வேலைக்கு ஆள் தரவும் நாங்கள் தயார். ஜி வடக்கு வார்டு அதிகாரி ஒருவரை, நடுப்பகலில், எங்கள் மேல்மாடி அறைகளை நேரில் பார்வையிட அனுப்பி, இம்மனுவின் மீது எடுக்கும் முடிவை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தாராவி குடியிருப்போர்
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)