வசந்திக்கு, கினபாலு போய்வந்த கதை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகளுக்குக் கோயம்புத்தூரிலேயே வேலை அமைந்ததில் எங்களுக்கும் சந்தோஷம். இங்கே சிங்கப்பூரில் ஜூன் விடுமுறைக்கு மாமியாரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போர்னியோ தீவில் இருக்கும் மலேசிய மாநிலமான சபாவுக்குப் போய்வந்தோம். கோத்தா கினபாலுவில் கடல், தீவு, மீன் சாப்பாடு எல்லாம் நீ நினைக்கிற மாதிரிதான், அதை விடு. கினபாலு தேசியப் பூங்காவுக்குப் போன நாளைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும்.

நீ மேட்டுப்பாளையத்தில் வாசலுக்கு வந்தாலே நீலகிரியைப் பார்க்கிறவள். எங்கள் பிள்ளைகளுக்கு மலை என்றால் புக்கித் தீமாதான், 163 மீட்டர். ஏறி இறங்கிவிட்டு நேரே புரோட்டா சாப்பிடப் போய்விடுவோம். கினபாலு 4,095 மீட்டர். தொட்டபெட்டாவுக்கு மேல் இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் போக வேண்டும்.

நகரத்திலிருந்து வண்டியில் இரண்டு மணி நேரம். வழியிலேயே மலை தெரிந்தது. மொட்டைப் பாறை, மேலே கூர்கூராகக் கொம்புகள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மேகம் மூடிவிட்டது, அப்புறம் அன்று முழுக்கத் தெரியவே இல்லை. பூங்கா வாசலே 1,500 மீட்டருக்கு மேல். சின்னவள் வாயில் புகை வருகிறதா என்று ஊதி ஊதிப் பார்த்தாள். அவ்வளவு குளிரெல்லாம் இல்லை.

இவருக்கு உச்சிக்கு ஏறும் ஆசை உண்டு. அனுமதி வாங்கி, வழிகாட்டியோடு ஏறி, பாதிக்கு மேல் ஒரு விடுதியில் தங்கி, விடியுமுன் மறுபடி கிளம்ப வேண்டும். "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், எனக்கு மனசே இல்லை. 2015 ஜூன் 5 நிலநடுக்கத்தில் அந்த மலையில் 18 பேர் இறந்தார்கள். அதில் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி ஒன்றின் மாணவர்கள் ஏழு பேர், ஆசிரியர்கள் இரண்டு பேர், கூடப் போன சிங்கப்பூர் வழிகாட்டி ஒருவர். 8ஆம் தேதி இங்கே நாடே துக்கம் அனுசரித்தது. பெரியவன் இப்போது தொடக்கநிலை ஆறு, ஏறக்குறைய அந்தப் பிள்ளைகளின் வயது. அவனே கேட்டான், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தான்.

பூங்காவுக்குள் ஓடையோரமாக ஒரு பாதை போகிறது. அதில் நடந்துவிட்டுத் தாவரத் தோட்டத்துக்குப் போனோம். அங்கே வழிகாட்டி ஒரு டூசுன்காரர், சபாவின் பழங்குடி. என் மாமியார் சந்தை மலாயில் அவரோடு பேச ஆரம்பித்தார் பார், பிள்ளைகள் வாயைப் பிளந்துவிட்டார்கள். பாட்டிக்கு இப்படி மலாய் வரும் என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. அவரும் "நெனெக், நெனெக்" (பாட்டி, பாட்டி) என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். செத்துப்போன முன்னோர்களின் ஆவிகள் இந்த மலைமேல்தான் தங்கும் என்பது அவர்கள் நம்பிக்கையாம். "நம்ம கைலாசம் மாதிரி" என்று மாமியார் அங்கேயே ஒரு கும்பிடு போட்டார், மேகத்தைப் பார்த்து.

சின்னவளுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது குடுவைச் செடிதான். பூச்சியைத் தின்னும் செடி என்று பள்ளியிலேயே படித்திருக்கிறாள். ஆனால் இந்த மலையில் ராஜா என்றே பெயர் வைத்த ஒரு வகை, இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும் குடுவையோடு இருக்கிறது. அதன் மூடியின் அடியில் தேன் கசியும். மர மூஞ்சூறு வந்து குடுவை வாயில் உட்கார்ந்து நக்கும், நக்கிக்கொண்டே உள்ளே கழித்துவிட்டும் போகும். அந்த எச்சம்தான் செடிக்கு உரம், மண்ணில் கிடைக்காத நைட்ரஜன் அதிலிருந்து கிடைத்துவிடுகிறது. "பிள்ளையாரோட வாகனம் கக்கூஸ் போற செடியா!" என்று அவள் கத்தியதில் பக்கத்திலிருந்த தமிழ்க் குடும்பமும் சிரித்துவிட்டது. நாங்கள் பார்த்தது சின்னக் குடுவைகள்தான். ஒவ்வொன்றிலும் எட்டிப் பார்த்துக் கணக்கெடுத்தபின்தான் நகர்ந்தாள். பிறகு வழிகாட்டி குண்டூசித் தலையளவு ஆர்க்கிட் பூ ஒன்றைக் காட்டினார். எனக்குக் கண்ணாடி போட்டும் தெரியவில்லை, அவள் உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

பெரியவனுக்கு வேறு கவலை. பூமிக்கடியில் குழம்பாக இருந்து இறுகி மேலெழுந்த கருங்கல் இது, வயது 70, 80 லட்சம் ஆண்டுதான் என்று அறிவிப்புப் பலகையில் படித்தான். டைனோசர்கள் ஆறு கோடி ஆண்டுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டன, அப்படியானால் ஒன்றுகூட இந்த மலையைப் பார்த்திருக்காதே என்று ஏமாற்றம். இங்கே இருக்கும் ராட்சத மண்புழுவையும், அதை முழுங்கும் சிவப்பு அட்டையையும் தேடினான். நல்லவேளை, கிடைக்கவில்லை.

இவ்வளவுக்கும் நாங்கள் நடந்தது ரொம்பத் தூரமில்லை. மாமியாரின் நடைக்கும் சின்னவளின் நடைக்கும் சரியாகப் பொருந்திப்போனது. வேகமாக நடக்கிறவர் இவர் ஒருவர்தான், முன்னால் போய்ப் போய் எங்களுக்காகக் காத்திருந்தார்.

டிசம்பரில் உங்கள் பக்கம் வரலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மலை ரயிலில் இடம் பிடிக்க எத்தனை நாள் முன்னால் பதிய வேண்டும், மாமியாருக்கு அந்தப் பெட்டியில் ஏறி இறங்க முடியுமா என்று நிலையத்தில் விசாரித்து எழுது. இல்லையென்றால் குன்னூருக்கு வண்டி வைத்துக்கொள்ளலாம். இங்கே தேக்கா சந்தையிலிருந்து என்ன வாங்கி வரட்டும் என்பதையும் மறக்காமல் சொல்.

அன்புடன்,
மீனா